பிள்ளைகளோடு ஒரு பயணம், பிறருக்காக ஓர் ஓட்டம்



சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மாத்திரையை உணவுக்கு முன் உட்கொள்வதா, பின் உட்கொள்வதா? தலைக்குக் குளிக்கலாமா? கறி, மீன் உண்ணலாமா? மீண்டும் எப்போது வர வேண்டும்? இவற்றுக்கெல்லாம் விடை பெற்றுக்கொண்டு எழுந்த பின்னர், கதவருகே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “பிள்ளைகளை எங்காவது வெளியே அழைத்துச் செல்லலாமா?”

இக்கேள்வி ஏன் தாழ்ந்த குரலில் வருகிறது என்பதை நாங்கள் அறிவோம். நோயாளி இருக்கும் வீட்டில் ஊர் சுற்றுவது அழகா என்று சுற்றத்தார் கேட்பார்களோ என்னும் தயக்கம் அதில் இருக்கிறது. இவ்வளவு செலவுக்குப் பின்னும் இது தேவையா என்னும் குற்ற உணர்வும் இருக்கிறது. தாய்மார்களோ பல நேரங்களில் இக்கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்காமலேயே, ‘இப்போது வேண்டாம்’ என்று தமக்குத் தாமே விடை கூறிக்கொள்கின்றனர்.

அண்மைக் காலமாக இதனுடன் இன்னொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. நகரங்களில் நடைபெறும் அறக்கொடை ஓட்டங்களைப் பற்றிச் செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் காண்கின்ற பெற்றோர், “நாங்களும் அதில் கலந்துகொள்ளலாமா? எனக்கு நெஞ்சு வலி வந்து ஆறு மாதந்தானே ஆகிறது?” என்று கேட்கின்றனர். முதற்கேள்வி குடும்பத்தின் மகிழ்ச்சியைப் பற்றியது. இரண்டாவது பிறர் துயரைப் பற்றியது. இரண்டுக்கும் விடை காணும் வழி ஒன்றே என்பது எங்கள் கருத்து. அதைத் தேனி மாவட்டத்து இடங்களைக் கொண்டும், ஓட்ட வரலாற்றின் இரு நிகழ்வுகளைக் கொண்டும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நோயும் வீட்டின் நாட்காட்டியும்

நீண்ட நாள் நோய் ஒன்று வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மாறுவது நாட்காட்டி. திங்கள் இரத்தப் பரிசோதனை, புதன் டயாலிசிஸ், வெள்ளி மருத்துவரைக் காணும் நாள் என்று கிழமைகள் அனைத்தும் மருத்துவமனையின் கிழமைகளாகிவிடுகின்றன. தந்தை ‘நோயாளி’ ஆகிறார்; தாய் ‘உடனிருப்பவர்’ ஆகிறார். நோயுற்றது பிள்ளையாயின், நலமாக இருக்கும் மற்றொரு பிள்ளை பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ விடப்பட்டு, ‘தொந்தரவு செய்யாத நல்ல பிள்ளை’ என்னும் பெயரோடு தனித்து வளர்கிறது.

மருந்து உடலைக் காக்கும். ஆனால் ‘நான் இன்னும் என் பிள்ளைகளுக்குத் தந்தை’, ‘நான் இன்னும் இவளுக்கு அக்காள்’ என்னும் உணர்வை மருந்துச் சீட்டில் எழுதித் தர இயலாது. அரை நாள் வெளியே சென்று, ஒரு மரத்தடியில் அமர்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்பதில் அவ்வுணர்வு மீண்டும் தலை காட்டுகிறது. ஆகவே குடும்பப் பயணத்தை, நோய் முற்றும் நீங்கிய பின் கிடைக்கும் பரிசாக எண்ண வேண்டியதில்லை. சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய் போன்றவை ‘முற்றும் நீங்கும்’ நாளுக்காகக் காத்திருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

அதே வேளையில், ‘எங்கு வேண்டுமானாலும் செல்லுங்கள்’ என்று நாங்கள் கூறவில்லை. இங்கே பின்பற்ற வேண்டிய விதி ஒன்றுண்டு: குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய அளவே அன்றைய பயணத்தின் அளவு. அவர் எவ்வளவு தூரம் நடப்பார், எவ்வளவு நேரம் அமர்வார், எப்போது மருந்து உட்கொள்வார் என்பதைக் கொண்டே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடத்தை முதலில் தேர்ந்துவிட்டு நோயாளியை அதற்கேற்ப இழுத்துச் செல்வதிலேயே பெரும்பாலான இடர்கள் தோன்றுகின்றன.

நம் பள்ளத்தாக்கில் எவருக்கு எந்த இடம்?

இவ்வளவைக் கொண்டு பார்த்தால், கம்பம் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த மலைகளும் நமக்கு வாய்த்த பெரும்பேறு. மலையேறுவோர்க்கு மட்டுமன்றி, நூறு அடி நடந்தாலே இளைப்பு வருவோர்க்கும் இங்கே இடமுண்டு.

சமதளத்தில், அமர்ந்தபடியே பொழுது போக்க விரும்புவோர்க்கு ஆண்டிபட்டியை அடுத்த வைகை அணை ஏற்றது. 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. அணையின் அடியில் உள்ள பூங்காவில் நிழலும், பிள்ளைகள் ஓடியாட இடமும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து, மருத்துவர் பயணத்துக்கு இசைந்தவர்களுக்கு முதற்பயணமாக இத்தகைய இடத்தையே நாங்கள் பரிந்துரைப்போம். களைப்புத் தோன்றினால் அரை மணியில் திரும்பிவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

தொடர்வண்டிப் பயணமே ஒரு சுற்றுலாவாக அமையலாம். மீட்டர் பாதையை அகலப் பாதையாக்கும் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த மதுரை–போடி வழித்தடத்தில், 2022ஆம் ஆண்டு மே மாதம் தேனி வரையிலும், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் போடிநாயக்கனூர் வரையிலும் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கையில் சன்னலோரம் அமர்ந்த பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை செல்லலாம். கழிவறை வசதி இருப்பதால், நீரிழிவு உடையோர்க்கும் முதியோர்க்கும் பேருந்தைவிட இது எளிது.

கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டிப் பகுதிகளில் திராட்சைக் கொடிப் பந்தல்களின் கீழ் நடப்பது இன்னோர் இனிய அனுபவம். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்தாரிடம் இசைவு பெற்றுச் செல்லுங்கள். மருந்து தெளித்த தோட்டமாயின் தவிர்த்துவிடுங்கள். பழத்தை நன்கு கழுவிய பின்னரே உண்ணுங்கள். நீரிழிவு உடையோர் ஒரு கைப்பிடிக்கு மேல் உண்ண வேண்டா. சிறுநீரக நோயாளிகள் பழங்களைப் பற்றி உணவியலாளர் தந்த அளவை நினைவிற்கொள்ளுங்கள்.

கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் உள்ளது. அவ்வணைப் பணி 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்றது. காட்டு வெள்ளத்தோடும் கடுங்காய்ச்சலோடும் போராடிப் பலர் உயிர் துறந்து உருவான அணை அது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீரைக் கிழக்கே திருப்பிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடமில்லை. வழியில் தெரியும் நெல் வயல்கள் எல்லாம் அந்நீரால் விளைந்தவை என்று காட்டிக்கொண்டே வரலாம்.

அருவிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. கம்பத்தை அடுத்த சுருளி அருவிக்கும், பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவிக்கும் குடும்பங்கள் பெருந்திரளாகச் செல்வது வழக்கம். கும்பக்கரையில் பாறைகளுக்கிடையே யானைக் கெஜம், பாம்புக் கெஜம் என்று அழைக்கப்படும் ஆழமான குழிகள் உண்டு. அவற்றின் ஆழம் மேலிருந்து பார்ப்போர்க்குத் தெரியாது. மலைமேல் மழை பெய்தால் இரு அருவிகளிலும் நீர்வரத்து திடீரெனப் பெருகும். அக்காலத்தும், சுருளியில் யானைகளின் நடமாட்டம் உள்ள காலத்தும் வனத்துறையினர் குளிக்கத் தடை விதிப்பர். புறப்படும் முன் திறந்துள்ளதா என்று கேட்டறிந்து செல்வது பிள்ளைகளின் ஏமாற்றத்தைத் தவிர்க்கும். வலிப்பு நோய் உடையோர், ஆறாத புண் உடையோர், உடலில் குழாய் பொருத்தப்பட்டோர், நோயெதிர்ப்பாற்றல் குறைந்தோர் அருவியில் குளித்தல் கூடாது. கரையில் அமர்ந்து சாரலை நுகர்வதற்குத் தடையில்லை.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மலரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பெயர்களைப் பிள்ளைகள் உரக்கப் படித்துக்கொண்டே ஏறுவது நல்ல விளையாட்டு. ஆயினும் மேலே குளிர் மிகுதி. மருத்துவ வசதி தொலைவு. பல இடங்களில் கைப்பேசி இணைப்பு கிட்டாது. ஆஸ்துமா, நுரையீரல் நோய், அண்மையில் மாரடைப்பு ஆகியவை உடையோர் மருத்துவரின் இசைவின்றி அங்கே செல்ல வேண்டா. காட்டு வழிகளில் அனுமதியின்றி நுழைவதும் வேண்டா. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் போடியை அடுத்த குரங்கணி மலையில் பற்றிய காட்டுத் தீ, மலையேற்றம் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை.

புறப்படும் முன்

எந்நோயாயினும் ஐந்து பொருள்கள் பையில் இருத்தல் வேண்டும்: இரண்டு நாளுக்குரிய கூடுதல் மருந்து, மருத்துவமனை தந்த சுருக்க அறிக்கையின் நகல், குடிநீர், சிற்றுண்டி, ஒவ்வாமை இருப்பின் அதை எழுதிய தாள். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நீரிழிவு உடையோர் இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லக் கூடாது. பனிக்கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. ஈரத்துணி சுற்றிய சிறு மண்கலமோ குளிர்காப்புப் பையோ போதும். தாழ்சர்க்கரைக்கு வெல்லமோ சர்க்கரையோ சட்டைப்பையில் இருக்கட்டும். வெறுங்காலுடன் பாறையில் நடக்காமல், வீடு திரும்பியதும் பாதங்களை உள்ளும் புறமும் பார்த்துவிடுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு முறையையும் தவறவிடாதவாறு இரு சிகிச்சைகளுக்கு இடைப்பட்ட நாளைத் தேர்ந்தெடுங்கள். இரத்தநாள இணைப்பு உள்ள கையில் பையைத் தொங்கவிட வேண்டா. வெயிலில் தாகம் மிகும். அன்றைய நீரளவை ஒரு குப்பியில் அளந்து எடுத்துச் சென்றால் கணக்குத் தவறாது.

புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர்க்கு, மருந்து ஏற்றிய பின் ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அந்நாட்களில் திருவிழாக் கூட்டத்தையும் கடைத்தெரு உணவையும் தவிர்த்து, அடுத்த சுற்றுக்கு முந்தைய நாட்களில் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் அளவைத் தொட்டால், எவ்வளவு இனிய பயணமாயினும் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். காலைவரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருத்தல் கூடாது.

‘இப்போது வேண்டா’ என்று மருத்துவர் கூறும் காலமும் உண்டு. அக்காலத்தில் மொட்டைமாடியில் பாய் விரித்து நிலாச்சோறு உண்பதும் குடும்பப் பயணமே. மெதுவாக நடப்பவரின் அளவு அன்று மாடிப்படிவரை என்றால், மாடிப்படிவரையே செல்வோம்.

பிறருக்காக நடத்தல் நமக்குப் புதிதன்று

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். அறக்கொடை ஓட்டம் என்பது அயல்நாட்டார் வழக்கம் போலத் தோன்றலாம். ஆனால் பிறர் நலம் வேண்டித் தன் காலை வருத்துவது இம்மண்ணுக்குப் புதிதன்று. சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி ஏந்தியும் ஆயிரங்கண் பானை சுமந்தும் வருவோரைக் கேட்டுப் பாருங்கள். தம் பிள்ளைக்கு அம்மை இறங்கியதற்காக, தாயின் கண் நலமானதற்காக, கணவன் பிழைத்தெழுந்ததற்காக வந்தோர் பலர். தைப்பூசத்துக்குப் பழனிக்கும், ஆவணியில் வேளாங்கண்ணிக்கும் நடப்போரிலும் இத்தகையோர் உண்டு. நேர்ந்துகொண்டவர் ஒருவர்; நலம் பெற்றவர் வேறொருவர்.

அறக்கொடை ஓட்டமும் இவ்வகையைச் சேர்ந்ததே. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே நலம் பெறுபவர் நம் வீட்டார் அல்லர், நாம் ஒருபோதும் காணப் போகாத ஒருவர்.

இவ்வழக்கத்தை உலகெங்கும் பரவச் செய்தவர்களுள் தலையாயவர் ஒரு நோயாளியே என்பதை நம் வாசகர்கள் அறிதல் வேண்டும். கனடா நாட்டைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் என்னும் இளைஞருக்கு எலும்புப் புற்றுநோய் கண்டு, 1977ஆம் ஆண்டு, தம் 18ஆம் வயதில், வலக்காலை முழங்காலுக்கு மேலே இழந்தார். சிகிச்சையின்போது அதே பிரிவில் துன்புற்ற மற்றவர்களைக் கண்டது அவர் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டக் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடப்பதென்று முடிவு செய்தார். முதலில் அவர் தாயார் அதற்கு ஒப்பவில்லை. எந்தத் தாய்தான் ஒப்புவார்?

1980 ஏப்ரல் 12 அன்று நாட்டின் கிழக்குக் கரையில் தொடங்கிய ஓட்டம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டராக, செயற்கைக் காலோடு 143 நாட்கள் நீடித்தது. 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில் நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிய வந்து, செப்டம்பர் 1 அன்று ஓட்டம் நின்றது. நாட்டு மக்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு டாலர் என்பதே அவர் வேண்டியது. 1981 பிப்ரவரியில் திரண்ட தொகை 2 கோடியே 40 லட்சம் டாலரைத் தாண்டி, அந்நாளைய மக்கள்தொகைக்கு ஈடாயிற்று. அவ்வாண்டு ஜூன் 28 அன்று, 23 வயது நிறையும் முன்னரே அவர் மறைந்தார். செப்டம்பரில் அவர் பெயரால் முதல் ஓட்டம் நடைபெற்றது. சென்னையிலும் மும்பையிலும்கூட அவர் பெயரால் ஓட்டங்கள் நடந்துள்ளன.

அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தின் இயல்பு ஒன்று நமக்குப் பெரிதும் பொருந்துவது. அது போட்டியன்று. அதில் முதலிடமும் இல்லை, கடையிடமும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்தும் வரலாம். மெதுவாக வருபவரும் முழுமையாக வந்தவரே.

உடனிருப்போர்க்காக ஓடிய சென்னை

நம் மாநிலத்தில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுகிறோம். 2023 ஆகஸ்ட் 6 அன்று சென்னையில் நடைபெற்ற கலைஞர் நினைவு பன்னாட்டு மாரத்தானில் 73,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. 42, 21, 10, 5 கிலோமீட்டர் என நான்கு தொலைவுகள் இருந்தன. இவ்வோட்டத்தில் முன்னின்ற, அப்போது மருத்துவத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் கால் மூட்டு முறிந்தவர், நீரிழிவு உடையவர், அதன் பின்னரே நெடுந்தொலைவு ஓட்டங்களில் ஈடுபட்டவர்.

சாதனையைவிட எங்கள் உள்ளத்தைத் தொட்டது, திரண்ட பணம் சென்ற இடம். பதிவுக் கட்டணமாகச் சேர்ந்த 3 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை, எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில், பிள்ளைகளோடு வந்திருக்கும் உடனிருப்போர் தங்குவதற்குரிய கட்டடத்துக்காக அளிக்கப்பட்டது.

இதன் அருமை, மருத்துவமனை வளாகத்தில் இரவைக் கழித்தவர்களுக்கே விளங்கும். உள்ளே பிள்ளை கட்டிலில். வெளியே தந்தை, படிக்கட்டின் ஓரத்தில் துண்டை விரித்து, செருப்பைத் தலைக்கு வைத்து, யாரேனும் பெயர் சொல்லி அழைப்பார்களோ என்று பாதி உறக்கத்தில். குளிக்க இடமில்லை, துணி உலர்த்த இடமில்லை, மறுநாள் மருத்துவர் சொல்வதைக் கூர்ந்து கேட்பதற்கு வேண்டிய தெளிவும் இல்லை. இன்னொரு மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தாய்க்குக் கூரையும் குளியலறையும் கிடைப்பது, ஞாயிறு காலையில் எங்கோ ஒருவர் 5 கிலோமீட்டர் நடந்ததன் பயன் என்றால், அந்த நடைக்கு வேறு பதக்கம் எதற்கு?

நீங்கள் கலந்துகொள்ள விரும்பினால்

பெற்றோராகிய நீங்கள், உங்களுக்கு நோயிருந்தாலும், பெரும்பாலும் ஏதேனும் ஒரு வகையில் கலந்துகொள்ளலாம். ஆனால் ‘ஓட்டம்’ என்னும் சொல்லைக் கண்டு ஓடத்தான் வேண்டும் என்று எண்ண வேண்டா. வளர்ந்தோர்க்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் விரைந்து நடப்பவர் அவ்வளவை எட்டிவிடுகிறார். 5 கிலோமீட்டர் நடைக்கு அதுவே போதிய அடித்தளம்.

முதலில் மருத்துவரிடம் இசைவு பெறுங்கள். மாரடைப்புக்குப் பின், அல்லது இரத்தக் குழாய் அடைப்பு நீக்கப்பட்ட பின், தேவையான பரிசோதனைகளைச் செய்து எவ்வளவு வேகம் தகும் என்று அவர் கூறுவார். பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். உடல் ஏற்றுக்கொள்ளும்போது வாரந்தோறும் ஓரிரு நிமிடங்களைக் கூட்டலாம். நடக்கையில் அருகில் வருபவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் அவ்வேகம் உங்களுக்குரியது. வார்த்தை தடைப்பட்டு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

இப்பயிற்சியைக் குடும்பமாகச் செய்வதே சிறந்தது. மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் பெயரில் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் வகுக்கப்பட்டு, 2023 நவம்பரில் அத்திட்டம் தொடங்கப்பட்டது. அதுவும் தொலைவென்றால் வாய்க்கால் கரையோ பள்ளி மைதானமோ போதும். நம் பகுதியில் ஆடி மாதக் காற்றுக் கடுமை. சித்திரை, வைகாசி வெயிலும் அவ்வாறே. ஆகையால் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். தந்தையின் மெதுநடையோடு மகன் தன் நடையை ஒத்துப்போகச் செய்யும் அந்த அரை மணியில், வீட்டுக்குள் பேசப்படாத பல செய்திகள் பேசப்படும் என்பது எங்கள் நம்பிக்கை.

நெஞ்சில் இறுக்கம், இடக்கையிலோ தாடையிலோ வலி, மயக்கம், படபடப்பு, வழக்கத்துக்கு மாறான வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அவ்விடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். ஓட்ட நாளன்று காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் செல்ல வேண்டா. இன்சுலின் போட்டுக்கொள்வோர் புறப்படும் முன் சர்க்கரையைப் பார்த்து, 100க்குக் கீழிருந்தால் சிற்றுண்டி உண்டு, சற்றுப் பொறுத்துச் செல்லுங்கள். கட்டணம் கட்டிவிட்டோமே என்பதற்காக எவரும் உடலை வருத்த வேண்டா. கட்டிய கட்டணம் சேர வேண்டிய இடத்துக்கு ஏற்கெனவே சென்றுவிட்டது.

நடக்கவே இயலாதவர்க்கும் இடமுண்டு. தண்ணீர்க் குவளை நீட்டுபவர், பெயர்ப்பட்டியலைச் சரிபார்ப்பவர், வழியோரம் நின்று கைதட்டுபவர் ஆகியோர் இல்லாமல் எந்த ஓட்டமும் நடைபெறாது. ஒரு மடக்கு நாற்காலியும் ஒரு குடையும் இருந்தால், டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாய் தண்ணீர்ப் பந்தலின் தலைவியாகலாம். நெடுநாள் பிறர் கையால் பெற்றுவந்தவர், அன்று தம் கையால் தருகிறார்.

பணம் எங்கே செல்கிறது?

நல்லெண்ணம் ஏமாறாதிருக்கச் சில கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். நடத்துபவர் யார்? பதிவு பெற்ற அறக்கட்டளையா? கட்டணத்தில் எவ்வளவு சட்டைக்கும் பதக்கத்துக்கும் செலவாகிறது, எவ்வளவு பயனாளிக்குச் சேர்கிறது? தொகை எந்த மருத்துவமனைக்கு, எந்தப் பணிக்கு அளிக்கப்படுகிறது? நன்கொடைக்கு வருமான வரிச் சலுகைக்குரிய ரசீது உண்டா? வழியில் முதலுதவிக் குழுவும் அவசர ஊர்தியும் இருக்குமா? நேர்மையாக நடத்துவோர் இக்கேள்விகளை வரவேற்பர். முகம் சுளிப்போரின் ஓட்டத்துக்கு நீங்கள் செல்லாமலிருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் குடும்பத்தின் நிலை இடந்தராவிட்டால் பணம் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. சிகிச்சைக்கு நகையை அடகு வைத்த வீடு, அறத்துக்குக் கடன்பட வேண்டியதில்லை. குருதிக்கொடை அளிக்கத்தக்க உறவினர் ஒருவரை அழைத்து வருவதும், புதிதாக அனுமதிக்கப்பட்ட ஒருவரின் உறவினர்க்கு மருந்தகம் எங்கே என்று வழி காட்டுவதும் அதே அறத்தின் வேறு வடிவங்களே.

அடுத்த முறை நீங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது, கதவருகே நின்று தாழ்ந்த குரலில் கேட்க வேண்டா. அமர்ந்தபடியே, மாத்திரையைப் பற்றிக் கேட்பது போலவே கேளுங்கள்: எங்கே செல்ல விரும்புகிறீர்கள், எவ்வளவு தூரம், யார் யார் வருகிறார்கள் என்று சொல்லுங்கள். மருத்துவரும் செவிலியரும் உங்களோடு அமர்ந்து அதற்குரிய நாளையும் அளவையும் வகுத்துத் தருவார்கள். சில நேரம் விடை ‘வைகை அணை வரை’ என்றிருக்கும். சில நேரம் ‘5 கிலோமீட்டர் வரை’ என்றிருக்கும். சில நேரம் ‘இன்னும் ஒரு மாதம் பொறுப்போம்’ என்றிருக்கும். எவ்விடையாயினும் அதைக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் நாட்காட்டியில் ஒரு நாளை வட்டமிட்டு வைக்கட்டும்.